ஜெகன் கொண்டுவந்த இனிப்பு வைன்

1

போன கிழமை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் சுகந்தி. லண்டனுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளை. குரலில் பதற்றம்.

"அக்கா, இவருக்கு வேலையிடத்தில நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போத்தல் குடுத்திருக்கினம். இத்தாலி வைனாம், இனிப்பாம். குடுத்த மனேச்சரும் அவற்றை மனிசியும் சனிக்கிழமை எங்கட வீட்டை வருகினம். இதோட என்ன வைக்கிறது? உங்களைக் கேக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இதுவரை குடித்த வைன் முழுவதையும் சேர்த்து ஊற்றினாலும் ஒரு தேநீர்க் கோப்பை நிரம்பாது. ஆனாலும் சொன்னேன்.

"கேசரி வைக்காதையும். லட்டு, அரியதரம் ஒண்டும் வேண்டாம். சாப்பாடு வைனைவிட இனிச்சால் வைன் புளிக்கும். பாதாமை வறுத்து வையும். கடையில இத்தாலிக்காரற்றை பாதாம் பிஸ்கட் இருக்குது, கிடைக்காட்டி எங்கட றஸ்க் போதும். சின்னக் கிளாசில கொஞ்சமா ஊத்தும். அவையள் தோய்ச்சுச் சாப்பிடுவினம்."

"உங்களுக்கு எப்பிடியக்கா உதெல்லாம் தெரியும்?"

அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், கௌரி லண்டனுக்குப் போய் வைன் பற்றி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். இது என் தம்பி ஜெகனைப் பற்றிய கதை.

2

1988ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஜெகன் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவன் ஒருவன் ஆறேழு பேரோடு சேர்த்து அவனை ரோமாபுரிவரை கொண்டுபோனான். அங்கிருந்து இரண்டு கிழமையில் லண்டன் என்பது பேச்சு. ரோமிலிருந்து ஒரு தடவை பேசினான். "அக்கா, வந்திடுவன்" என்றான். அதன்பிறகு ஒன்றும் இல்லை.

அந்த நேரம்தான் நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த இரண்டு அறைகளை விட்டு, தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்துக்கு மாறினோம். என் கணவருக்கு அந்தப் பக்கம் பெற்றோல் ஸ்டேசனில் வேலை கிடைத்திருந்தது. தொலைபேசி இலக்கமும் மாறியது. புது இலக்கத்தைப் பழைய வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அவரோ வீட்டை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். ஜெகன் அந்தப் பழைய இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தபோதெல்லாம் அவர்கள் பேசிய ஆங்கிலம் அவனுக்கு விளங்கவில்லை, அவன் பேசியது அவர்களுக்கு விளங்கவில்லை. இவை எல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தவை. அப்போது தெரிந்தது, தம்பியைக் காணவில்லை என்பது மட்டும்.

புரட்டாதி போனது, ஐப்பசி போனது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். காலையில் கஞ்சி காய்ச்சி, முட்டை அவித்து, பாண் துண்டுகளைச் சுட்டு அடுக்குவேன். கை வேலை செய்யும். மனம் எல்லைகளிலும் லொறிகளிலும் கடலிலும் அலையும். ஊரில் அப்பா, அம்மாவுக்குச் செய்தி போக மாதக்கணக்காகும், சண்டைக்கிடையில் பாதை திறந்தால்தான் உண்டு. அவர்களுக்கு, தம்பி சுகமாக இருக்கிறான், இன்னும் வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

காணாமற்போன உறவினரைத் தேட உதவும் ஓர் அலுவலகம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, நானும் இவரும் போனோம். மேசைக்கு அப்பால் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். அன்பானவர். சொல்லுங்கள் என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஆங்கிலத்தை எடுத்து விட்டேன்.

"ஐ கம் ஃபோர் மை லேட் ப்ரதர்."

அவன் பிந்திவிட்டான் என்றுதான் சொல்ல நினைத்தேன். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்து, "ஐ ஆம் ஸோ சொறி" என்றார். நான் பண்பாக, "நோ ப்ராப்ளம், வீ ஆர் வெயிட்டிங்" என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் திடுக்கிட்டு, "நோ, நோ! நொட் டெட்! ஒன்லி நொட் கம்!" என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது இவர் மெதுவாக விளக்கினார். ஆளுக்கு முன்னால் லேட் என்ற சொல்லைப் போட்டால் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். அதைக் கேட்டதும், அதுவரை வராத அழுகை வந்தது. என் வாயாலேயே தம்பியைச் சாகடித்துவிட்டேன் என்று பட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். இந்த நாட்டின் மரியாதை அது.

3

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. எடுத்தேன். கரகரவென்ற சத்தத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அக்கா."

எங்கே இருக்கிறாய், என்ன நடந்தது, ஏன் பேசவில்லை என்றெல்லாம் கேட்க வேண்டும். வாயில் வந்தது, "சாப்பிட்டியோ?"

"ஓம் அக்கா, சாப்பிட்டன். பாணும் போஞ்சிக்கொட்டையும். இஞ்சை பாணுக்கு உப்புப் போடாயினம்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறான். இருந்து, பாணில் உப்பில்லை என்று குறையும் சொல்கிறான். அதைவிட எனக்கு என்ன வேண்டும்? இவர் ஓடிவந்து றிசீவரைப் பறித்தார். ஆறு வயது மகள் ஆரணி, ஏன் அம்மா நிலத்தில் இருந்து சிரிக்கிறா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நடந்தது இதுதான். முகவன் ரோமில் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஜெகன் பிரான்சுப் பக்கம் போகலாமென்று வடக்கே ரயில் ஏறினான். வழியில் செங்கமாரி, மஞ்சள் காமாலை, முற்றி விழுந்துவிட்டான். தொஸ்கானா மலைப்பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில் ஆசுபத்திரியில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு திராட்சைத் தோட்டச் சொந்தக்காரர், பெயர் பியேரோ. அவருடைய மனைவி லூச்சியா ஒரு நாள் திராட்சைக் குலை கொண்டுவந்தார். அதைத்தான் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்போம். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோகுமளவுக்கு முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர். ஜெகன் அந்தப் பந்தலுக்குள் வளர்ந்தவன். மொழி தெரியாதவன், குலையைக் கையில் எடுத்து, கொடி எப்படிப் படரும், எந்தக் கணுவில் வெட்டவேண்டும் என்று விரலால் காட்டியிருக்கிறான். பியேரோவுக்குக் கால் முறிந்து கிடக்கிறது, அறுவடையோ வாசலில் நிற்கிறது. லூச்சியா அவனைத் தங்கள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் புது இலக்கம் அவனுக்குக் கிடைத்தது ஒரு மன்னார்ப் பெடியனால். புளோரன்சில் ஒரு தேவாலய வாசலில் சந்தித்தவனாம். அவனுடைய மச்சான் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தான். அவன் பழைய வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தான்.

4

பிறகு இத்தாலியில் விசா இல்லாமல் இருந்தவர்களுக்குப் பதிவு கொடுத்தார்கள். ஜெகனுக்கும் கிடைத்தது. லண்டனுக்கு வரலாம், ஆனால் விருந்தாளியாக மட்டும். அந்த விசாவுக்கு அவன் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். கடைசியில் 1992 கார்த்திகையில் கோச் ஏறினான்.

நானும் இவரும் விக்டோரியா கோச் நிலையத்தில் காத்து நின்றோம். கோச் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள், அவன் இறங்கவில்லை. சாரதியைக் கேட்டேன். டோவர் துறைமுகத்தில் குடிவரவுக்காரர் ஒருவரை மறித்து வைத்திருக்கிறார்கள், அவரை விட்டுவிட்டு வந்தோம் என்றார். எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. இவர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார், அதைக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருட்டுப்படும்போது அடுத்த கோச்சில் வந்து இறங்கினான். மெலிந்து, கறுத்து, தோள் அகன்று, வேறு ஒரு ஆள் மாதிரி.

"திரும்பிப் போகமாட்டாய் எண்டு சொல்லுறாங்கள் அக்கா. தோட்டத்தில வேலை கிடக்கு, நான் போகாட்டி ஆர் கொடி வெட்டுறது எண்டு கேட்டன். அதை மொழிபெயர்க்க ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சவங்கள். அந்த மனிசன் வருமட்டும் வாங்கில இருந்து, கொண்டுவந்த பிஸ்கட் முழுக்கத் திண்டிட்டன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தான். இரண்டு சாரத் துணிகளுக்குள் சுற்றி ஒரு போத்தல். வெளிச்சத்தில் பிடித்தால் நல்லெண்ணெய் நிறம்.

"வின் சான்டோ அக்கா. சாமி வைன் எண்டு கருத்து. தேவாலயத்துக்கும் குடுக்கிறது" என்று சொல்லிக்கொண்டு அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போனான்.

"ஐயோ, உதை அங்கை வையாதை!" என்று நான் கத்தினேன்.

எங்கள் குடும்பத்தில் போத்தல் என்றால் பிள்ளைப்பேற்றுக்கு வாங்கும் பிரண்டி. அதுவும் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் இருக்கும். அதைவிட அந்தக் கிழமை எனக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஜெகனைப் பார்க்க ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. சபாரத்தினம் அண்ணை, அவருடைய மனைவி மனோ அக்கா, மகள் வதனி. வதனி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், கெட்டிக்காரி. ஆனால் சபாரத்தினம் அண்ணை, குடிக்கிற பழக்கம் உள்ள வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடியாதவர். எங்கள் தரகர் அவரிடம், மாப்பிள்ளை இத்தாலியில் விவசாயத் துறையில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்.

"உதை எங்கையாவது ஒளிச்சு வையும்" என்று இவர் என்னிடம் சொன்னார். நான் கையால் தொடவில்லை. இவரே கொண்டுபோய்ப் படிக்கட்டுக்குக் கீழே அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

5

அதற்குமுன் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஆரணிக்கு அப்போது பத்து வயது. தமிழ் விளங்கும், ஆனால் பேசமாட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். இந்தப் பிள்ளை கை நழுவிப் போகிறதே என்ற கவலை எனக்கு எப்போதும் இருந்தது. ஜெகனுக்கோ ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும், இத்தாலி மொழி தெரியும்.

அன்று அவன் போத்தலை வெளியே எடுத்துத் திறந்தான். அக்காவும் அத்தானும் முதலில் ருசி பார்க்கவேண்டும் என்று பிடிவாதம். சின்னத் தேநீர்க் கோப்பைகளில் ஒரு மிடறு ஊற்றினான். தொட்டுக்கொள்ள என்னிடம் கேசரி இருந்தது. ஒரு கரண்டி கேசரி தின்றுவிட்டுக் குடித்தேன். வினாகிரி மாதிரிப் புளித்தது.

"உதென்னடா, பழுதாப் போச்சு?"

ஜெகன் விழுந்து விழுந்து சிரித்தான். "வைன் பழுதில்லை அக்கா, உன்ரை கேசரிதான் பிழை. வாயைக் கொப்பளிச்சிட்டுக் குடி."

கொப்பளித்துவிட்டுக் குடித்தேன். வற்றல் பழத்தின் இனிப்பு, அடியில் தேன், கடைசியில் கொஞ்சம் கசப்பு. பயித்தம் உருண்டை வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. முறுக்கு, காரத்தில் வைனே தெரியவில்லை. றஸ்க் நன்றாக இருந்தது. "ஆனா லூச்சியா செய்யிற பிஸ்கட் மாதிரி வராது" என்றான்.

"அதை எப்பிடிச் செய்யிறது?"

"மாவு, சீனி, முட்டை, தோலோட பாதாம். பட்டர் வேண்டாம். நீளமா உருட்டி ஒருக்காப் போறணையில சுடுறது. வெட்டித் திரும்ப ஒருக்காப் போறணை."

நான் மாவை எடுத்தேன். ஆரணி வந்து கதிரையில் ஏறி நின்றாள். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். ஜெகன் கையை விரித்தான். திரும்பவும் கேட்டாள், சத்தமாக. "மாமாவுக்கு விளங்கேல்லையம்மா" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே திரும்பிப் பாதாமைக் கிண்டினேன். அவள் ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு அவள் சொன்னாள்:

"மாமா, நான் முட்டை உடைக்கட்டோ?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாளோ என்று பயம். முதல் தட்டு கருகிப்போனது. இரண்டாவது தட்டு நன்றாக வந்தது. அதற்குள் அவள் பள்ளிக்கூடம், சிநேகிதிகள், பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லி முடித்திருந்தாள். பாதி தமிழ், பாதி கை.

6

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நன்றாகப் போனது. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. சபாரத்தினம் அண்ணை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். முன்னறைக்கு வந்து இருந்து, "தம்பி, விவசாயத் துறையில எந்தப் பகுதி?" என்று கேட்டார்.

ஜெகன் வாய் திறப்பதற்குள் ஆரணி பிஸ்கட் தட்டோடு வந்தாள்.

"மாமா, வைன் எங்கை? அதுக்குள்ள தோய்ச்சுத்தானே இதைச் சாப்பிடுறது?" பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா அதை அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சவர்."

ஒரு சொல் பிழையில்லாத தமிழ். என் மகள் முன்னறையில் நின்று இப்படிப் பேசவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! அது இந்த நேரத்திலா வரவேண்டும்?

"என்ன வைன்?" என்றார் சபாரத்தினம் அண்ணை.

"அது... மருந்துக்கு" என்றார் இவர்.

"மருந்தில்லை ஐயா" என்றான் ஜெகன். எழும்பிப்போய்ப் போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தான். "நான் வைன் செய்யிற தோட்டத்தில வேலை செய்யிறன். இது நான் செய்தது."

மனோ அக்கா சீலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தார். வதனி போத்தலைப் பார்த்தாள்.

"அப்ப தம்பி குடிக்கிறதோ?" என்றார் சபாரத்தினம் அண்ணை.

"சாப்பாட்டோட ஒரு கிளாஸ். அங்கை எல்லாரும் அப்பிடித்தான் ஐயா. குடிச்சு வெறிச்சு ஒருநாளும் நடந்ததில்லை. இதை மறைச்சுக் கலியாணம் கட்ட எனக்கு விருப்பமில்லை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "செங்கமாரி வருத்தத்தால எழும்பி, முதல் செய்த வேலை இதுதான். குலை குலையா முந்திரிகையைக் கூரைக்குக் கீழ கட்டித் தொங்கவிடுறது. மாரி, குளிர்காலம் முழுக்கக் காயவேணும். பிறகு பிழிஞ்சு சின்னப் பீப்பாவில அடைச்சா, மூண்டு வருசத்துக்குத் திறக்கேலாது. நான் செத்துப்போனன் எண்டு அக்கா நினைச்சிருந்த மாரியில நான் தொங்கவிட்ட பழம் இது. இப்பதான் பீப்பா திறந்தது. முதல் போத்தலை உன்ரை அக்காட்டைக் கொண்டுபோ எண்டு பியேரோ தந்துவிட்டவர்."

இதை அவன் எனக்கும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. நான் குசினிக்குப் போவதுபோல எழும்பினேன். போகமுடியாமல் கதவடியில் நின்றேன்.

வதனிதான் கேட்டாள்.

"ஒரு குலையில ஒரு பழம் அழுகினா என்ன செய்வியள்?"

"அதை மட்டும் கத்தரிக்கோலால வெட்டி எடுக்கிறது. பக்கத்துப் பழத்தில படாமல்."

"ஒவ்வொருநாளும் பாக்கவேணுமோ?"

"ஓம். ஒவ்வொரு குலையும்."

அவள் தலையாட்டினாள். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, "கொஞ்சம் ஊத்துங்கோ" என்றாள். தகப்பனைப் பார்க்காமலே தோய்த்துக் கடித்தாள். மனோ அக்கா, "இவள் பிறந்த நேரம் எனக்கும் பிரண்டி தந்துதான் எழுப்பினவை" என்று சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சபாரத்தினம் அண்ணை ஒரு பிஸ்கட்டை எடுத்து, தோய்க்காமல், நீண்ட நேரம் சப்பிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் செய்திருக்கிறீர், கௌரி" என்றார். ஆறு மணிக்குமுன் எழும்பிப் போய்விட்டார்கள்.

7

அந்தக் கிழமை முழுவதும் அவர்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. தரகரும் பேசவில்லை. "பரவாயில்லை அக்கா, உண்மையைத்தானே சொன்னன்" என்றான் ஜெகன். வெள்ளிக்கிழமை விக்டோரியாவில் கோச் ஏறினான். போய்ச் சேர ஒன்றரை நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். டோவர், பிரான்சு, மலைப்பாதை, பனி. எல்லாம் மனதில் ஓடியது. பத்து மணிபோல மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா, நான் வதனி. அவர் சுகமாப் போய்ச் சேர்ந்திட்டாராம்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "ஆர்? ஜெகனோ? உமக்கு என்னண்டு தெரியும்?"

"இப்பதான் எடுத்தவர். அண்டைக்கு வாசலில சப்பாத்துப் போடேக்கை எங்கட நம்பரை நான் குடுத்தனான். போய்ச் சேர்ந்த உடன எடுங்கோ எண்டு சொன்னனான்." பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அப்பா ஓம் எண்டுதான் சொல்லுவார் அக்கா. தரகரிட்டைச் சொல்லுறதுக்குத்தான் நல்ல நாள் பாக்கிறார்."

என் தம்பி, என்னை விட்டுவிட்டு, முதலில் அவளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, பாரம் ஒன்றை இறக்கி வைத்தது போல இருந்தது. அவன் எங்கே நிற்கிறான், சாப்பிட்டானா, பனியில் மாட்டினானா என்று நினைத்து நினைத்துக் கிடக்க இனி இன்னொருத்தி இருக்கிறாள்.

கதிரையைப் பழைய இடத்தில் வைத்தேன். வீட்டில் மரக்கறி ஒன்றும் இல்லை. கடைக்குப் போக ஆரணியைச் சப்பாத்துப் போடச் சொன்னேன். கதவைச் சாத்தும்போது உள்ளே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"அம்மா, மாமாவாத்தான் இருக்கும்!" என்றாள் ஆரணி.

"ஓம். அவர் பிறகு எடுப்பார்" என்று சொல்லிவிட்டுத் திறப்பைத் திருப்பிக் கதவைப் பூட்டினேன்.